மூன்று ஆண்டுகளில் இரண்டாவது எரிபொருள் பம்பு: ஒரு பழைய காரின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

பணிமனைக்கு வந்த வண்டிக்கு வயது 27. நான்கு சிலிண்டர் கொண்ட 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். சிலிண்டருக்கு ஒன்றாக, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் மின்சாரப் பம்பு. எஞ்சின் குடித்தது போக மிஞ்சிய பெட்ரோல் ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிவிடும் பழைய அமைப்பு.

உரிமையாளர் சொன்ன குறைகள் இரண்டு. மேடு ஏறும்போதும், முந்திச் செல்வதற்காக ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும், "யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுக்கிற மாதிரி" வண்டி திணறுகிறது. வெயில் நேரத்தில் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது. இருபது நிமிடம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல மறுபடியும் ஸ்டார்ட் ஆகிறது. இதற்காக அவர் ஏற்கெனவே வேறிடங்களில் ஸ்பார்க் பிளக்குகளையும் பிளக் வயர்களையும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் மாற்றியிருந்தார். எரிபொருள் பம்பை மட்டும் யாரும் தொடவில்லை; அது மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் மாற்றப்பட்டது என்பதால், "அது புதுசுதானே" என்ற ஒரு சொல்லோடு எல்லாரும் அதைக் கடந்து போயிருந்தார்கள். முதல் நாளில் நானும் அப்படித்தான் கடந்து போனேன்.

முதல் நாள் நான் செய்த தவறு

பெட்ரோல் தட்டுப்பாடா என்று பார்க்க, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துத் தரும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் அழுத்தமானியை மாட்டினேன். ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, 2.4 பார் காட்டியது; அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வேக்குவம் குழாயைக் கழற்றியதும் 3.0 பாருக்கு ஏறியது. இந்த வகை எஞ்சினுக்கு இவை குறையில்லாத அளவுகள். எனவே பம்பு நலமாக இருப்பதாக எழுதி வைத்துவிட்டு, சூடானால் நின்று ஆறினால் ஓடும் நோய்க்கு அடுத்த வழக்கமான சந்தேகமான, எஞ்சினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சாரைத் தேடிப் போனேன்.

அந்த முடிவு ஏன் தவறு என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இன்ஜெக்டரின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை 3.0 பாரில் நிறுத்துவதே ரெகுலேட்டரின் வேலை. ஐடிலில், எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் ஏறக்குறைய 0.6 பார் வெற்றிடம் இருப்பதால் மானி 2.4 காட்டுகிறது, வேக்குவம் குழாயைக் கழற்றினால் அந்த வெற்றிடத்தின் உதவி போய் 3.0 காட்டுகிறது. ஆனால் ஐடிலில் இந்த எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் பெட்ரோலைக்கூடக் குடிப்பதில்லை. முழு ஆக்ஸிலரேட்டரில் அதற்கு மணிக்கு 30 லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். சாகும் தறுவாயில் உள்ள பம்பும் ஐடிலுக்கான ஒரு லிட்டரைக் கொடுத்துவிடும். ரெகுலேட்டர் ரிட்டர்ன் வழியை இறுக்கிக்கொண்டு அழுத்தத்தைக் காப்பாற்றிக் காட்டிவிடும். அன்று நான் அளந்தது ரெகுலேட்டரின் நலத்தைத்தான், பம்பின் நலத்தை அல்ல.

இதில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. உரிமையாளர் மரியாதைக்காக வரும் வழியில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். டேங்குப் பம்பின் மோட்டாரைக் குளிர்விப்பதும், அதன் தேய்மானப் பகுதிகளுக்கு உயவு தருவதும் பெட்ரோலேதான். நிறைந்த டேங்கில் அது குளிர்ந்த குளத்துக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற நிலையில் இருக்கிறது. நோயாளி நலமாக இருக்கும் ஒரே நேரத்தில் நாடி பார்த்தால் என்ன தெரியும்? கிராங்க் சென்சாரைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடியும் சூடாக்கி ஒரு பிற்பகல் வீணானது.

இரண்டாம் முறை: சூட்டிலும் சுமையிலும்

பத்து நாள் கழித்து, டேங்கில் கால்பங்குக்கும் குறைவான பெட்ரோலோடு வரச் சொல்லி, வண்டியை மறுபடியும் எடுத்துக்கொண்டேன். ஏ.சி.யைப் போட்டு நாற்பது நிமிடம் ஐடிலில் ஓடவிட்ட பிறகு, நீண்ட குழாய் கொண்ட அழுத்தமானியைக் கண்ணாடிக்கு வெளியே, வைப்பரின் மேல் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தேன். பெட்ரோல் நிரம்பிய மானியை எக்காரணம் கொண்டும் வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. ஒரு குழாய் நழுவினால் மடியில் பெட்ரோல் கொட்டும்.

மூன்றாம் கியரில், மேட்டில், ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபோது முள் 3.0-க்கு ஏறி, ஒரு நொடி நின்று, பிறகு நிதானமாகக் கீழிறங்கி 1.9-இல் நின்றது. அதே நேரத்தில் உரிமையாளர் சொன்ன அந்தப் பின்னிழுப்பும் வந்தது. திரும்பி வரும் வழியிலேயே எஞ்சின் நின்றும் போனது; சோதனைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது. ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது ஸ்பார்க் வலுவாக வந்தது, ஆர்.பி.எம். முள் அசைந்தது, இன்ஜெக்டரின் கப்லரில் (வயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பில்) மாட்டிய சோதனை விளக்கு மின்னியது. எனவே கிராங்க் சென்சார் குற்றமற்றது. மானியோ பூஜ்யம் காட்டியது. சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று நொடி கேட்க வேண்டிய பம்பின் ரீங்காரமும் இல்லை. டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டியதும் ரீங்காரம் வந்தது, எஞ்சினும் உயிர்பெற்றது.

இந்தத் தட்டு வைத்தியத்தை நம்பி மாதக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ், சுழலும் பகுதியின் செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சரியாகத் தொடாத இடத்தில் நின்றுவிட்டால், அதிர்வு அதைச் சற்றே நகர்த்தித் தொட வைக்கிறது; அவ்வளவுதான். நோயைக் கண்டுபிடிக்க அது நல்ல கருவி. அதையே மருந்தாக்கிக்கொண்டால், அடுத்த முறை வண்டி நிற்கும் இடத்தை அவர் தேர்ந்தெடுக்க முடியாது.

பணிமனைக்கு வந்ததும் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி ஓர் உலோக அளவுப் பாத்திரத்தில் விட்டு, 30 நொடியில் எவ்வளவு வருகிறது என்று பார்த்தேன்: 200 மில்லிலிட்டர். மணிக்கு 24 லிட்டர் என்று கணக்காகிறது. முழு ஆக்ஸிலரேட்டருக்கு வேண்டிய 30-ஐ இது எட்டவில்லை. சாலையில் முள் இறங்கியதற்கு இது போதுமான விளக்கம். எஞ்சினை நிறுத்தியதும் ரெயிலில் இருந்த அழுத்தம் இரண்டே நிமிடத்தில் பூஜ்யமானது. ரிட்டர்ன் குழாயை நசுக்கிப் பிடித்தும் இறங்கியது. டேங்கிலிருந்து வரும் குழாயை நசுக்கியபோது மட்டும் அந்த இறக்கம் நின்றது. அப்படியானால் ரெகுலேட்டரும் இன்ஜெக்டர்களும் ஒழுகவில்லை. அழுத்தம் டேங்குக்குள்ளேயே திரும்பி வடிகிறது.

பலர் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு புதுப் பம்பை வாங்கி மாட்டிவிடுவார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இந்த வண்டியில் நடந்ததும் அதுவாகவே இருக்கும் என்பது என் ஊகம். சாதாரணமாக இத்தகைய பம்பு பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைக்கக்கூடியது. மூன்று ஆண்டில் செத்தது என்றால், அதைக் கொன்றது எது என்று கேட்காமல் அடுத்ததை உள்ளே இறக்குவது அடுத்ததையும் பலியிடுவதற்குச் சமம்.

மின்சாரம் எங்கே போனது

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட் இருந்தது. பின் இருக்கையைத் தூக்கி, டேங்க் மூடிக்குப் போகும் வயர்கள் சேரும் கப்லரின் பம்புப் பக்கத்தில், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளந்தேன்: 10.7 வோல்ட். வழியில் 3.2 வோல்ட் காணாமல் போயிருந்தது.

ஓடும்போது அளப்பதுதான் இங்கே உயிர்நாடி. கப்லரைக் கழற்றிவிட்டு வெறும் முனையில் மீட்டரை வைத்தால் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டும். மின்னோட்டம் இல்லாதபோது துருப்பிடித்த இணைப்பும் நல்ல இணைப்புபோலவே நடிக்கும். ஒவ்வோர் இணைப்பின் இரு பக்கத்திலும் மீட்டர் முனைகளை வைத்து இழப்பைப் பிரித்துப் பார்த்ததில், பம்பை இயக்கும் மின்சுவிட்சான ரிலேயின் தொடுமுனையில் 0.4, பாடியில் திருகிய எர்த் இணைப்பில் 0.7, மீதி 2.1 வோல்ட் முழுவதும் இருக்கைக்கு அடியிலிருந்த அந்தக் கப்லரிலேயே விழுந்தன.

வயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் 8 ஆம்பியர் காட்டியது. இந்த அழுத்தத்தில் இயங்கும் நல்ல பம்புக்கு 5-ஐ ஒட்டியே போதும். 2.1 வோல்ட்டையும் 8 ஆம்பியரையும் பெருக்கினால், விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் இணைப்பில் ஏறக்குறைய 17 வாட் வெப்பம் இடைவிடாமல் உண்டாகியிருக்கிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை அங்கேயே செருகி வைத்ததுபோல. கப்லரைப் பிரித்தபோது அது கண்ணுக்கே தெரிந்தது. வெள்ளை பிளாஸ்டிக் தேநீர் நிறத்துக்கு மாறி, ஒரு துளையின் வாய் உருகி நீள்வட்டமாகியிருந்தது. உள்ளிருந்த பித்தளை முனை கருத்து, தன் விறைப்பை இழந்து, விரலால் தொட்டதும் ஆடியது. 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு 8 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. அது கடைசி வரை நன்றாகவே இருந்தது.

பிறகு, கப்லரைத் தாண்டி, ஃபியூஸ் கோர்த்த தடித்த வயரால் பேட்டரியிலிருந்து பம்புக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன். 30 நொடியில் 330 மில்லிலிட்டர் வந்தது. அப்படியானால் வயரிங்கை மட்டும் சரிசெய்தால் போதாதா என்று உரிமையாளர் கேட்டார், நியாயமான கேள்விதான். மணிக்கு 40 லிட்டர் என்பது ஏட்டுக் கணக்கில் போதும். ஆனால் கையேடு 30 நொடிக்குக் கேட்பது 600 மில்லிலிட்டர். மின்னோட்டம் இன்னும் 8-க்கு மேலேயே நின்றது. சுத்தியல் தட்டால் உயிர்பெறும் பிரஷ் எந்த வயரிங்காலும் வளராது. நல்ல மின்சாரம் கொடுத்தும் பாதி வேலையே செய்யும் பம்பு உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்தது ஏன் என்பதற்கு விடை டேங்குக்குள்தான் இருக்க வேண்டும்.

டேங்கைத் திறந்தபோது

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய ஆவியைத் தரத் தொடங்கிவிடுகிறது. காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு படர்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் தூரத்தில் இருக்கும் தீப்பொறி வரை போய்ச் சேரும். எனவே குழியோ ஹீட்டரோ இல்லாத திறந்த இடத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனோம். பம்பு ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, மேலும் இருமுறை ஸ்டார்ட்டரைச் சுற்றிக் குழாய் அழுத்தத்தை இறக்கினோம். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்தோம். கையால் இயக்கும் பம்பைக் கொண்டு டேங்கில் இருந்த பெட்ரோலை உலோகக் கேனுக்கு மாற்றினோம்.

டேங்க் மூடியைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் மணல் படிந்து இறுகியிருந்தது. அதைத் துடைக்காமல் வளையத்தைத் திருகினால் அத்தனையும் உள்ளேதான் விழும். பிரஷாலும் ஈரத் துணியாலும் துடைத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. வேலையில் பாதி இதுதான் என்று உதவியாளர் அலுத்துக்கொண்டார், அதில் பொய்யில்லை. பூட்டு வளையத்தைப் பித்தளை உளியால் மெல்லத் தட்டிச் சுழற்றினோம். இரும்போடு இரும்பு மோதிப் பொறி பறக்கும் இடம் இது அல்ல. பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவைக் கம்பி வளையாதபடி முழு அமைப்பையும் சாய்த்து வெளியே எடுத்தோம்.

பம்பின் அடியில் இருக்கும் சல்லடைப் பை புதிதில் வெள்ளையாக இருக்கும். இது செங்கல் நிறத்தில் இருந்தது. வெள்ளைத் துணியில் அழுத்தியபோது சிவந்த சேறு ஒட்டியது. காய்ந்த பிறகு அந்தத் தூள் காந்தத்தில் ஏறியது. ஆகவே துரு. பம்பையும் மூடியையும் இணைக்கும் விரற்கடை நீளக் குழாயில், வெளிப்புறமெங்கும் நுண்ணிய வெடிப்புகள்; வளைத்துப் பார்த்தால் ஒன்று உள்ளே வரை பிளந்திருந்தது. சென்ற முறை மாற்றியவர் எஞ்சின் பகுதியில் பயன்படும் நல்ல இன்ஜெக்ஷன் குழாயைத்தான் போட்டிருந்தார். ஆனால் அதன் உட்சுவர் மட்டுமே பெட்ரோலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. வெளிச்சுவர் பெட்ரோலிலேயே ஊறிக் கிடப்பதற்கு அல்ல. டேங்குக்குள் மூழ்கும் குழாய்க்கென்று எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்ற தனித் தரம் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே கருப்பு ரப்பர்தான். மேலே அச்சிட்டிருக்கும் எழுத்தைப் படிக்காமல் வேறுபாடு தெரியாது.

பழைய பம்பை நன்கு காயவைத்துப் பிறகு அதன் உறையை அறுத்துப் பார்த்தேன். சுழல் சக்கரத்தின் இரு பக்கத் தட்டுகளிலும் கிராமபோன் தட்டுபோல வட்ட வட்டமாகக் கீறல்கள். பம்பு ஓடும்போது அந்தக் கீறல்களின் வழியாகவும் அழுத்தம் பின்னோக்கிக் கசிந்திருக்கிறது. கம்யூட்டேட்டரின் செம்பில் ஆழமான பள்ளம். ஒரு பிரஷ் 7 மில்லிமீட்டர் மிச்சம். மற்றது 3-க்கும் குறைவு.

இப்போது சங்கிலி முழுமையாகிறது. துரு சல்லடையை அடைத்தது. பம்பு உறிஞ்சவே போராடியது. சல்லடையைத் தாண்டிய நுண்தூள் உள்ளே உப்புத்தாள்போலத் தேய்த்தது. மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த கப்லர் அதனால் வெந்தது. வெந்த இணைப்பு மின்னழுத்தத்தைத் தின்றது. குறைந்த மின்னழுத்தத்தில் பம்பு இன்னும் மெதுவாகச் சுழன்றது. டேங்கில் எப்போதும் கால்பங்குக்குக் குறைவாகவே பெட்ரோல் வைத்திருந்த உரிமையாளரின் வழக்கம், குளிர்விப்பு இல்லாமல் இதையெல்லாம் விரைவுபடுத்தியது.

துரு வந்த வழி

டேங்கைக் கீழே இறக்கி உள்ளே விளக்குக் குழலால் பார்த்தபோது, அடித்தளத்தைவிட மேற்சுவரிலும் நிரப்பும் குழாயின் வாயிலும்தான் துரு அதிகம். பாதி காலியான டேங்கில் ஈரக்காற்று குளிர்ந்து மேற்சுவரில் நீர்த்துளியாகப் படிவது இயல்புதான்; எத்தனால் கலந்த பெட்ரோல் அந்த ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்வதும் உண்மையே. ஆனால் நிரப்பும் வாயில் இவ்வளவு துரு படிய அது போதாது என்று தோன்றியது.

பெட்ரோல் போடும் சிறு கதவைத் திறந்து, மூடியைச் சுற்றியுள்ள கிண்ணத்தில் ஒரு குவளை தண்ணீரை ஊற்றினேன். இறங்கவில்லை. கிண்ணத்தின் அடியில் தீக்குச்சிப் பருமனில் ஒரு வடிகால் துளை இருக்கும். அது மண்ணால் அடைந்து கல்லாகியிருந்தது. மூடியின் ரப்பர் வளையமும் வெடித்திருந்தது. ஒவ்வொரு மழையிலும் கிண்ணத்தில் தேங்கிய தண்ணீர், மூடி வழியாகச் சொட்டுச் சொட்டாக டேங்குக்குள் இறங்கியிருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பம்பை மாற்றியவரும், ஏன், முதல் நாளில் நானும், இந்தக் கதவைத் திறக்கவே இல்லை.

செய்த வேலை

டேங்கை வெந்நீரால் பலமுறை கழுவி ஆவி நீக்கி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியால் ஊறவைத்து, அமிலத்தைச் சமையல் சோடா நீரால் முறித்து, முற்றிலும் உலர்த்தினோம். சுவர் எங்கும் ஓட்டையாகவோ மெலிந்தோ இருக்கவில்லை. இருந்திருந்தால் டேங்கையே மாற்றச் சொல்லியிருப்பேன். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைப்பது நிறைந்த டேங்கில் வைப்பதைவிட ஆபத்தானது, ஏனெனில் உள்ளே இருப்பது காற்றோடு கலந்த ஆவி.

புதுப் பம்பைப் பழையதன் அழுத்தத்துக்கும் பாய்வளவுக்கும் பொருத்தமாகவே தேர்ந்தெடுத்தோம். பெரிய பம்பாகப் போட்டால் நல்லதுதானே என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ரிட்டர்ன் குழாயால் அந்த மிகுதியைத் திருப்பி அனுப்ப முடியாவிட்டால் ஐடிலிலேயே அழுத்தம் ஏறி, கலவை செறிவாகிவிடும். மூழ்கும் தரக் குழாய், ரப்பரை வெட்டாத முழுவட்டக் கிளாம்ப், புதிய சல்லடை, புதிய ஓ-ரிங், எஞ்சினுக்கு முன்னுள்ள புதிய ஃபில்டர் ஆகியவை மாறின. கழற்றிய பழைய ஃபில்டரை எதிர்த்திசையில் கண்ணாடிக் குவளையில் கவிழ்த்தபோது, கொட்டியது பெட்ரோலா பாக்குச் சாறா என்று ஐயுறும் நிறத்தில் இருந்தது.

கப்லரை வெட்டி எறிந்துவிட்டு, அதே தடிமன் வயரோடு புதியது பொருத்தினோம்; எர்த் இணைப்பின் அடியில் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி இறுக்கினோம்; ரிலேயும் புதியது. வடிகால் துளையை நைலான் இழையால் குத்தித் திறந்து, டேங்க் மூடியையும் மாற்றினோம். சாவியை நான்கைந்து முறை திருப்பிக் குழாயில் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளைத் துணியால் துடைத்துக் கசிவு பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்தோம்.

முடிவில் எடுத்த அளவுகள்: பம்பில் 13.4 வோல்ட், மின்னோட்டம் 5.2 ஆம்பியர், 30 நொடியில் 780 மில்லிலிட்டர், எஞ்சினை நிறுத்தி இருபது நிமிடம் கழித்தும் 2.1 பார். அதே மேட்டில், அதே மூன்றாம் கியரில், கால்பங்கு டேங்கோடு ஓட்டியபோது முள் 3.0-ஐ விட்டு அசையவில்லை.

ஆறு மாதம் கழித்து, இடையில் ஒரு மழைக்காலம் கடந்த பிறகு, உரிமையாளரை அழைத்து ஃபில்டரைக் கழற்றிக் குவளையில் கவிழ்த்துப் பார்த்தோம். அடியில் கடுகளவு தூள் மட்டும் இருந்தது. கழுவலில் தப்பியதாக இருக்கலாம். பம்பில் மின்னழுத்தம் 13.4-லேயே நின்றது. கால்பங்குக்கு மேல் பெட்ரோல் வைத்துக்கொள்ளும் பழக்கம் இன்னும் முழுதாக வரவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கிளம்பும் முன் தாமே பெட்ரோல் கதவைத் திறந்து, குடிக்கும் பாட்டிலிலிருந்து சிறிது தண்ணீர் ஊற்றி, அது கீழே வடிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.